பெரிய கோயில் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு பங்கு: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கட்டட ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கம், ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம், இருக்கிறது. பழைய ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்தோடு காங்கிரீட்டில் பெரிய கோயில் கட்டுவது என்று அங்கே பங்குப் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 'வருங்காலத் தலைமுறையினரின் நன்மைக்காக' என்று தீர்மானத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். மாதிரிப் படம் ஃபிளெக்ஸில் அச்சாகி வாசலில் தொங்கியது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் பழைய கோயில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதன் வடபக்கம் மாடி இல்லாத ஒரு கூடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கோபுரம் எதுவும் இல்லை.

நான் கோவையில் கட்டடப் பொறியாளன். உள்ளூர் வழக்குகளில் சேராத வெளி ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டதால் அவர்களுடைய கட்டடக் குழுவில் உட்கார்ந்தேன். நன்கொடை விஷயத்தில் சில மனத்தாங்கல்கள் இன்னும் ஆறவில்லை. அதனால் பங்கின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊர், சட்டம், மண், காற்று பற்றிய மற்ற விவரங்கள் உள்ளது உள்ளபடி.

ஊரும் பங்கும்

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி அரசின் கிழக்கு முனை. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தில் நின்றது. பேச்சு மட்டும் கொங்குத் தமிழாகவே இருக்கிறது. தென்னை, நிலக்கடலை, கொஞ்சம் நெல், அப்புறம் கள். கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குச் சித்தூரிலிருந்துதான் வண்டி போகிறது. படித்த பிள்ளைகள் ஒன்று கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் எல்லை தாண்டி கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்.

இந்தப் பகுதித் தமிழ்ப் பங்குகள் நெடுங்காலம் கோவை மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருந்தவை. 2013 டிசம்பர் கடைசியில் கோவையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உருவாக்கினார்கள். திருச்சபைக்குள் இதற்கு ஓர் அறிவிப்பு போதும். வில்லேஜ் ஆபீஸுக்கு அது போதாது. பங்கின் நிலப் பத்திரங்கள் பழைய மறைமாவட்டப் பெயரிலேயே கிடந்தன. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவரின் பெயரும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றும் வேலையை வரைபடத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எந்தப் பங்கும் அப்படித் தொடங்குவதில்லை. முதலில் ஃபிளெக்ஸ், கடைசியில் பத்திரம், இதுதான் நம் ஊர் வரிசை.

இடிக்கச் சொன்ன காரணங்கள்

தீர்மானத்துக்கு இரண்டு காரணம் சொன்னார்கள். சுவரில் விரிசல். கூட்டம் கொள்ளவில்லை.

விரிசல் உண்மைதான். தென்மேற்கு மூலையில் ஜன்னலின் மேல் கோணத்திலிருந்து கூரை வரை சாய்வாக ஒன்று ஓடியது. விரல் நுனி நுழையும். பலிபீடத்துக்குப் பின்சுவரில் இன்னொன்று, முகப்பில் மணிக்கு அடியில் மூன்றாவது. 2018 ஆகஸ்ட் மழைக்குப் பிறகு வந்தவை என்று ஊரில் சொன்னார்கள். முகப்பு விரிசலுக்குள் பழைய வெள்ளைப்பூச்சு மூன்று அடுக்கு தெரிந்தது. அது அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது.

இங்கே மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேரளம் என்றால் செம்மண், செம்பாறாங்கல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சித்தூரின் கிழக்குப் பகுதி விதிவிலக்கு. இங்கே கரிசல் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பல வருடம் அமைதியாக இருக்கும் கட்டடத்தையும், அதைச் சுற்றித் தண்ணீர் போகும் வழியை மாற்றினால், ஒரே கோடையில் அசைத்துப் பார்த்துவிடும். கோயிலைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. இரண்டடி அகலச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, நீண்ட தாழ்வாரம். ஓட்டுத் தண்ணீர் சுவரைவிட்டுத் தள்ளி விழுந்து, சரிவில் ஓடிக் கிழக்கே வாய்க்காலுக்குப் போகும்படி விட்டிருந்தார்கள்.

அதைக் கெடுத்தது பக்தியும் நன்கொடையும்தான். ஒரு திருவிழாவுக்கு முன்னால் கோயிலைச் சுற்றி இன்டர்லாக் கல் பதித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் தென்மேற்கில் கல்லின் சரிவு வெளியே போகாமல் சுவரை நோக்கி வந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். சுவரோரம் போய்த் தேங்கி நின்றது, பிறகு மெதுவாகக் கல் இடுக்கில் இறங்கியது. அதே மூலையில் பூசைப் பொருள்கள் வைக்கும் திருப்பொருள் அறைக்குப் பின்னால் கழிவறைக் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஆக, அடியில் ஒரு பக்கம் மழையும் கசிவும் மண்ணை உப்ப வைத்தன. இன்னொரு பக்கம் கோடையில் மரம் உறிஞ்சிச் சுருக்கியது. சுவர் என்ன செய்யும்?

மூன்று விரிசலிலும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்து, இரு முனையிலும் சாந்து பூசி, பக்கத்தில் தேதி எழுதி வைத்தோம். மறைக்கல்வி படிக்கும் பையன்களுக்கு அதைப் பார்த்து வருவது ஒரு வேலையாகிவிட்டது. அடுத்த கோடையின் முடிவில் தென்மேற்குக் கண்ணாடி உடைந்திருந்தது. மற்ற இரண்டும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி அப்படியே இருந்தன. அந்த இரண்டும் பழைய விரிசல்கள், அசைவு முடிந்தவை. அசைகிற மூலை ஒன்றே ஒன்று.

அதற்கு முழுக் கோயிலையும் இடிக்கத் தேவையில்லை. சுவரோரக் கல்லைப் பெயர்த்து, வெளிச்சரிவோடு தளம் போட்டு, தாழ்வாரத்து விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் தகரமும் இறக்கு குழாயும் வைத்து, மழையைச் சுவரைவிட்டு வெகுதூரம் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. விரிசலுக்குச் சிமென்ட் வைத்து அடைக்காமல், துருப்பிடிக்காத கம்பியைக் குறுக்கே தைத்துச் சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். மரத்தை உடனே வெட்டிவிடலாம் என்று குழுவில் பலரும் துடித்தார்கள். கரிசலில் அது ஆபத்து. பெரிய மரம் போனால், அதுவரை அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, அடுத்த மழைகளில் தரை மேலெழும்பி வரும். கிளையைக் கழித்து, மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஆழமாகப் பள்ளம் வெட்டி வேர்த்தடுப்பு வைத்தோம்.

பதிவேடு என்ன சொன்னது

இனி இரண்டாவது காரணம். கூட்டம் கொள்ளவில்லை. எத்தனை தலைமுறைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் பேரவையில் ஆளுக்கு ஒரு எண் சொன்னார்கள். பங்குச் சாமியார்தான் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணம், இறப்பு என்று மூன்று பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் வைத்திருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம். இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் பிற்காலத்தில் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து சேர வேண்டும். அங்கே அவருடைய பெயருக்கு எதிரே ஓரத்தில் அதை எழுதி வைப்பார்கள். அதாவது திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளைப் படித்தால், இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்துவிடும். அரசாங்கக் கணக்கெடுப்பில்கூட இவ்வளவு துல்லியம் கிடைக்காது.

வேதியரும் (சாமியாருக்கு உதவியாகப் பங்கு வேலைகளைப் பார்ப்பவர்) மறைக்கல்வி ஆசிரியைகள் இருவரும் உட்கார்ந்து பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்தார்கள். பழைய பக்கங்களில் ஓரத்தில் இதே பங்கின் பெயரும் அக்கம்பக்கத்துப் பங்குகளின் பெயரும்தான். 1990-களில் பிறந்தவர்களுக்கு வரும்போது கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், பெங்களூரு. திருமணம் இங்கேயே நடந்தாலும், மணமக்கள் குடியேறியது வெளியூரில்தான் என்று வேதியருக்கே தெரியும், திருமண அறிவிப்பு ஓலையைக் கொண்டுபோனவர் அவர்தான். கடைசிப் பக்கங்களில் திருமுழுக்கு வருடா வருடம் குறைகிறது. இறப்புப் பதிவேடு அதை முந்திவிட்டது.

அந்தக் கூட்டத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "அப்ப ஏன் ஞாயித்துக்கிழமை நிக்க எடமில்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே?

நான்கு வாரம் தலை எண்ணிப் பார்த்ததில் விடை கிடைத்தது. முன்பு எல்லோரும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முட்டிவலி வந்தவர்களுக்காகப் பின்னால் ஒரு வரிசை நாற்காலி போட்டார்கள். அது இரண்டாகி, நான்காகி, இப்போது பாதிக் கோயில் நாற்காலி. ஒரு நாற்காலி அடைக்கிற இடத்தில் தரையில் இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம். ஆள் கூடவில்லை, வயது கூடியிருக்கிறது. அதனால் கோயில் சுருங்கிவிட்டது.

திருவிழாக் கூட்டம் வேறு கதை. ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழாவுக்கும், கிறிஸ்துமஸுக்கும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அன்றைக்கு எவ்வளவு பெரிய கோயில் கட்டினாலும் பத்தாது. அந்தச் சில நாட்களுக்காக வருடம் முழுக்கப் பெரிய கட்டடத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, வெள்ளையடித்துக் காக்க வேண்டியவர்கள் இங்கே மிஞ்சியிருக்கும் வயதானவர்கள்.

எதிர்பாராத ஒன்று: பெரிய கோயில் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்கள் பெரும்பாலும் வெளியூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு ஊர்க்கோயில் கம்பீரமாக நிற்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பணம்தான் நிறைய. அன்பியக் கூட்டங்களில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) பெண்களிடம் கேட்டபோது வந்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது: கழிவறை, குடிதண்ணீர், அசனத்துக்கு (திருவிழாப் பொது விருந்து) சமைக்க வெயில் படாத இடம், சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு அறை. ஒரு பாட்டி சாமியாரிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சாமி, கோயில எவ்ளோ பெருசா வேணாலும் கட்டுங்க. ஏறிப்போற படிக்கு ஒரு கைப்புடி மட்டும் வெச்சுக் குடுங்க."

அந்தக் கைப்பிடியும் ஒரு சாய்தளமும்தான் முதலில் செய்யப்பட்ட வேலை.

அனுமதி

புதுக் கோயில் என்றால் ஆயரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். 1215-ஆம் சட்டம் அதோடு நிற்கவில்லை. குருக்கள் மன்றத்தையும் அக்கம்பக்கத்துக் கோயில்களின் பொறுப்பாளர்களையும் ஆயர் கலந்து பேச வேண்டும். அது மக்களின் ஆன்ம நலனுக்கு உதவுமா, கட்டுவதற்கும் வழிபாடு நடத்துவதற்கும் வேண்டிய வசதி குறைவில்லாமல் இருக்குமா என்றும் பார்க்க வேண்டும். கட்டி முடிப்பதோடு சட்டம் திருப்தி அடையவில்லை என்பதைக் கவனியுங்கள். நடத்தவும் முடியுமா என்று கேட்கிறது. பேரவையில் இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் பராமரிப்புச் செலவு என்ற பேச்சே எழுந்தது.

அரசுப் பக்கம், வழிபாட்டிடம் என்ற பெயரில் புதிதாக எது எழும்பினாலும் கேள்வி அதிகம். 2022 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், ஒரு வணிகக் கட்டடத்தைத் தொழுகைக்கூடமாக மாற்றக் கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்தபோது, மாநிலத்தில் வழிபாட்டிடங்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. எல்லா மதத்துக்கும் பொருந்துகிற பேச்சு அது. இருக்கிற கோயிலைப் பழுது பார்ப்பதும், அதே வளாகத்தில் ஒரு கூடம் கட்டுவதும் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. கூடத்துக்கு 2019-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி விண்ணப்பித்தார்கள். வரைபடத்தில் கேரளத்தில் பதிவு பெற்ற பொறியாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும், என் கையெழுத்து செல்லாது. சித்தூரில் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம், மொழிச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பொறியாளர் மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததையே நீட்டினார்கள், வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு குடும்பம் தானமாகக் கொடுத்த வயல் இருந்தது. இரட்டைக் கோபுரப் படத்தில் வண்டி நிறுத்துமிடமும் பாதிக் கூடமும் அதில்தான் வரையப்பட்டிருந்தன. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரான வயல்களின் தரவுப் பட்டியலில் அந்த வயல் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் வயலில் மண் கொட்டக்கூட முடியாது. படிவம் 5 கொடுத்துப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று ஓர் ஏஜென்ட் சொன்னார். 2008-க்கு முன்பே நிரவப்பட்டுத் தவறுதலாகப் பட்டியலில் ஏறிய நிலத்துக்கு அது சரி. இங்கே போன போகத்தில் அறுத்த நெல்லின் தாள் அப்படியே நிற்கிறது. எதைச் சொல்லி நீக்கக் கேட்பது? வயலை வயலாகவே விட்டுவிட்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் ஜனவரியில் திருவிழா வண்டிகள் அங்கே நிற்கின்றன. என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தில் வருங்காலத்துக்கென்று விட்டுவைத்த நல்ல சொத்து அதுதான். பேரவையில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடம்

கோயிலின் வடபக்கம் ஒரே தளத்தில் கூடம். வழக்கமான நாளில் தடுப்புகளை இழுத்துவிட்டால் மறைக்கல்வி வகுப்புகள், முதியோர் பகல் நேரம் வந்து இருக்க ஓர் அறை, ஒரு சமையலறை. திருவிழா அன்று தடுப்புகளை மடக்கிவிட்டால் கோயிலின் பக்கக் கதவுகள் வழியாகப் பலிபீடம் தெரியும். மீதிக் கூட்டத்துக்கு முன்முற்றத்தில் பந்தல், அது எப்போதும் இருக்கிற ஏற்பாடு.

அஸ்திவாரத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சோதனைக் குழியில் மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. துளையிட்டு இறக்கும் தூணின் அடியில் குடம்போல் அகலப்படுத்திக் காங்கிரீட் நிரப்புவது. குடத்தின் அகலம் பொதுவாகத் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. மழைக்கும் வெயிலுக்கும் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். மேலே உப்பும் மண் தூணைத் தூக்கப் பார்க்கும், அடியில் இருக்கும் குடம் விடாது பிடித்துக்கொள்ளும். தூண்களை இணைக்கும் விட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். கொத்தனார்கள் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, மறந்துபோனது என்று நினைத்து மண் போட்டு அடைத்துவிட்டார்கள். மறுநாள் முழுக்கத் தோண்டி எடுத்தோம்.

மேலே ஒரு மாடி பின்னால் எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை நீட்டி விடும் யோசனையும் வந்தது. நம் ஊர்களில் வருங்காலத் தலைமுறைக்கு நாம் விட்டுவைக்கும் முக்கியமான சொத்து, மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கும் கம்பிகள்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் கட்டுவோம் என்று விடுவார்கள். பேரன் வரும்போது கம்பி பாதி உதிர்ந்து, அந்தத் துரு தூணுக்குள்ளும் இறங்கியிருக்கும். இங்கே மாடியே வேண்டாம் என்று பெண்கள் சொன்னார்கள், ஏறப்போவது யார் என்று கேட்டார்கள். அஸ்திவாரத்தை மட்டும் ஒரு மாடி தாங்கும்படி போடலாம், அதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை என்பது என் கட்சி. அது தோற்றது.

காற்றும் வெயிலும் இங்கே லேசில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேல்காற்று தகரத்தைப் பிடுங்கும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியோடு வரும். கூடத்தை நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைத்து, குறுகிய சுவர்களைக் காற்றுக்குக் கொடுத்தோம். வடக்கிலும் தெற்கிலும் சல்லடைச் சுவர்.

தண்ணீர் இங்கே பழைய வழக்கு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி வர வேண்டும், அது ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொரு கோடையிலும் சண்டை. நிலத்தடி நீரை உறிஞ்சிய குளிர்பான ஆலைக்கு எதிரான போராட்டத்தால் பேர்பெற்ற பிளாச்சிமடை இதே தாலுகாதான். அதனால் கூரைத் தண்ணீரைச் சேர்ப்பதற்கு யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. 400 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர், வீணாவது கழித்தாலும் முப்பதாயிரத்துக்கு மேல் நிற்கும். சுவரோரம் இறங்கி அஸ்திவாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே தண்ணீர் இப்போது தொட்டிக்குப் போகிறது.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் தீர்ந்து வருகிறது, புதுத் தோட்டத்துக்கு உரிமம் வாங்குவது கட்டடத்தைவிடச் சிரமம். குடும்பப் பெயரில் நிரந்தரக் கல்லறை இனி இல்லை, ஆண்டுகள் கழிந்ததும் குழியைத் திரும்பப் பயன்படுத்துவது என்று முடிவானது. எரியூட்டலை 1963-லேயே ரோம் அனுமதித்துவிட்டது. கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் அதைத் தன் பங்குக் கல்லறைத் தோட்டங்களிலேயே செய்தது. இங்கே அந்தப் பேச்சை எடுத்த இளைஞரை அவருடைய அம்மாவே உட்காரச் சொல்லிவிட்டார்.

பணம்

மாதச் சந்தா, திருவிழா ஏலம், அறுப்புக் காணிக்கை, ஒருநாள் கூலி. இவை உள்ளூர்ப் பணம், அளவில் சிறியது, ஆனால் நிற்காமல் வரும். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு முடிச்சு. இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய தம்பி இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர முடியும். ஒரு கிராமப் பங்குக்கு இது ஆகிற காரியமில்லை. ஒரே வீட்டில் அண்ணன் பணத்தை வாங்கிக்கொண்டு தம்பி பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் வந்த மனத்தாங்கல்தான் இன்னும் இருக்கிறது.

கோபுரத்துக்கென்று பெரிய தொகை தருவதாகச் சொல்லியிருந்த ஒருவர், கோபுரம் இல்லை என்றதும் பின்வாங்கப் பார்த்தார். அவருக்காகச் சாலையோரம் ஒரு நுழைவு வளைவு, பெற்றோர் பெயர் பொறித்த கல்லோடு, திட்டத்தில் சேர்ந்தது. அந்தப் பணத்தில் கழிவறைகளை இன்னும் நன்றாகக் கட்டியிருக்கலாம். ஆனால் கழிவறையில் யாரும் தாய் தகப்பன் பெயரைப் பொறிக்கக் கேட்பதில்லை. வந்த நன்கொடை எதுவானாலும் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற விதியை நிதிக்குழு அந்த வளைவுப் பணத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்தது. என் கணக்கில் அது வளைவை ஈடுகட்டிவிட்டது.

கட்டியபடி எடுத்த வரைபடங்கள், தூண்கள் இருக்கும் இடம், மூடும் முன் குழாய்களை அளவு நாடாவோடு எடுத்த படங்கள் எல்லாம் பதிவேடுகள் இருக்கும் அதே இரும்பு அலமாரியில் ஒரு பிரதி, ஆயர் இல்லத்தில் ஒரு பிரதி. குறிப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொன்னது மறைக்கல்வி ஆசிரியைதான். அவருடைய வகுப்பில் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போதைய நிலவரம்: தென்மேற்கு மூலையில் வேலை முடிந்து புதுக் கண்ணாடி ஒட்டியாகிவிட்டது. கூடத்தின் தூண்கள் எழும்பி நிற்கின்றன. கூரைக்கு மங்களூர் ஓடா, உலோகத் தகடா என்பதுதான் நடக்கிற சண்டை. ஓடு வெயிலுக்கு நல்லது, ஆனால் வருடம் ஒருமுறை ஏறி மாற்றி வைக்கும் ஆள் இனிக் கிடைக்கமாட்டார் என்கிறார் வேதியர். தகடு போட்டால் சித்திரை மாதம் பகலில் யாரும் உள்ளே உட்கார முடியாது என்கிறார்கள் பெண்கள். இரண்டுக்கும் விலைப்புள்ளி வந்திருக்கிறது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு.